ஈசானிய மூலையில் சூளை வேண்டாம், அண்ணா

ரேக்யவிக், ஐஸ்லாந்து
28.12.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள் என்றுதான் தாளில் எழுதியிருக்கிறாய் என்று பாதி படிக்கும்போதே புரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்குப் பிறகு நானாக ஒரு நாளும் கூப்பிடவில்லை என்று எழுதியிருந்தாயே, உண்மைதான். நேரமில்லை என்று சொன்னால் அண்ணி சிரிப்பாள், அதனால் சொல்லவில்லை. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. தனியாக மடித்து வைத்திருக்கும் கடைசித் தாளை மட்டும் நீயும் அண்ணியும் படியுங்கள்.

அம்மா கேட்டதற்கு முதலில் பதில். டெல்லிக்கு மேலே வந்த சாம்பல் என் மலையுடையது இல்லை அம்மா. அது எத்தியோப்பியாவில் இருக்கும் ஹைலி குப்பி என்கிற எரிமலை. நவம்பர் 23ஆம் தேதி வெடித்தது. மறுநாள் ராத்திரிக்குள் செங்கடல், ஏமன், ஓமன் எல்லாம் தாண்டி டெல்லி வரைக்கும் சாம்பல் வந்துவிட்டது. ரொம்ப உயரத்தில் போனதால் தொல்லை விமானங்களுக்குத்தான். இன்ஜினுக்குள் போன சாம்பல் சூட்டில் உருகிக் கண்ணாடியாகப் படிந்துவிடும். குடியாத்தத்துக்கு ஒன்றும் வராது, துணியை மாடியிலேயே காயப் போடு.

எரிமலை எப்போது வெடிக்கும் என்று நான் சொல்லிவிடுவேன் என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம். அது வேறு ஆட்கள் வேலை. வெடித்த பிறகு புகை எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் எங்கள் வேலை.

அண்ணா, கார்த்திகைக்கு நீ மாவலி சுற்றுவாயே. பனம்பூவை மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துச் சுற்றினால் பொறி பொறியாகப் பறக்குமே, அதைத்தான் இங்கே கணக்கில் செய்கிறோம். மலை வாயிலிருந்து மணிக்கு இத்தனை ஆயிரம் பொறி என்று விடுவோம். ஒவ்வொரு பொறியையும் காற்று எங்கே தள்ளும் என்று வானிலைக் கணிப்பிலிருந்து எடுத்துக்கொள்வோம். காற்று நேராகவா போகிறது? சுழலும், உதறும். அதற்காக ஒவ்வொன்றையும் தாயக்கட்டை உருட்டுவது போலக் கொஞ்சம் இப்படி அப்படித் தள்ளிவிடுவோம். கடைசியில் எந்த ஊர் மேல் எத்தனை பொறி நிற்கிறது என்று எண்ணுவோம், அவ்வளவுதான். இந்தக் கார்த்திகை அன்றைக்குத் திரையில் அந்தப் பொறிகள் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தன. "மாவலியோ மாவலி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். தும்மல் என்று நினைத்திருப்பார். அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டேன்.

காற்று கூடப் பரவாயில்லை, ஓரளவு சொன்னபடி கேட்கும். மலை எவ்வளவு கக்குகிறது என்பதுதான் பெரிய தலைவலி. மலை கக்கும் கந்தக டை ஆக்சைடு வாயு வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தின்றது எவ்வளவு என்று வானத்தைப் பார்க்கும் கருவி வைத்து அளப்பார்கள். இந்த மாதத்தில் இங்கே பதினொரு மணிக்கு மேல்தான் விடிகிறது, மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டு. வெயில் இல்லாவிட்டால் கருவிக்குக் கண் தெரியாது. 2014 ஆகஸ்டில் ஹோலுஹ்ரௌன் என்கிற இடத்தில் ஆரம்பித்தது 2015 பிப்ரவரி வரை ஆறு மாதம் கக்கியது. குளிர்காலம் முழுக்க இதே இருட்டில்தான் அளந்திருக்கிறார்கள்.

அம்மா, அந்த வாயு எப்படி இருக்கும் தெரியுமா? தீக்குச்சி கிழித்ததும் மூக்கில் சுர்ரென்று ஏறுமே, அதே வாசம். நீ தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்ததும் உன் முந்தானையில் வரும் வாசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. இதற்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று இருக்கிறது. போன ஜூலை 16ஆம் தேதி கிரிண்டாவிக் ஊர்ப் பக்கம் நிலம் பிளந்துகொண்டது. அந்தப் பக்கத்தில் 2023 டிசம்பரிலிருந்து இது ஒன்பதாவது தடவை. சில நாளில் எங்கள் ஊர்மேல் நீலமாக ஒரு மூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. இவர்கள் அதற்கு கோஸ்மௌதா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நான் மதியம் வரும் என்று கணக்குப் போட்டது காலையிலேயே வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். இங்கே பச்சைக் குழந்தையைத் தள்ளுவண்டியில் போர்த்தி, பனியிலேயே வெளியே விட்டுத் தூங்க வைப்பார்கள். புகை வந்தால்தான் உள்ளே எடுப்பார்கள்.

கீழ்வீட்டுப் பாட்டி மட்டும் ஜன்னலைச் சாத்தவில்லை. அவள் பனிப் புயலுக்கே சாத்தமாட்டாள். இந்த ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். என் பெயரோடு நைனா பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நீ எங்கள் ஆள்தான்" என்றாள். புகை என்று பேச்சு வந்தால் லாகி எரிமலைக் கதையை ஆரம்பித்துவிடுவாள். 1783 ஜூன் 8ஆம் தேதி பூமி பிளந்து எட்டு மாதம் கக்கியதாம். பன்னிரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு. புல்லில் விஷம் படிந்து ஆடு மாடு பெரும்பாலும் செத்து, பிறகு பஞ்சத்தில் நாட்டு ஜனத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் போய்விட்டார்கள். ஐதர் அலி நம் சித்தூர்ப் பக்கம் செத்து அப்போதுதான் ஆறு மாதம் ஆகியிருக்கும். பாட்டி ஏதோ போன வருஷம் நடந்தது போலச் சொல்கிறாள். சனிக்கிழமைகளில் அவள் வாசலில் பனி வாருகிறேன். உடம்புக்கு நல்லது. அவளும் ரொட்டி, காய்ந்த மீன் ஏதாவது தருவாள். மீன் நம் கருவாடு மாதிரிதான், ஆனால் உப்பு இல்லாமல் வெண்ணெய் தடவித் தின்கிறார்கள். குழம்பு வைக்கலாமே என்று சொன்னேன், பாவம் பயந்துவிட்டாள்.

சாப்பாட்டுக்கு ஒன்றும் குறைவில்லை. கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டதால் ரை என்கிற கறுப்பு மாவில் களி கிண்டிப் பார்த்தேன். போஸ்டர் ஒட்டலாம். கடையில் கத்திரிக்காய் இருக்கிறது, பெரிதாக, பளபளவென்று, காம்பில் ஒரு முள் கூட இல்லாமல். எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். ருசி இருக்காது, அதனால்தான். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயை அம்மா நாலாகக் கீறித் தண்ணீரில் போடும்போது முள் குத்தி விரலை வாயில் வைத்துக்கொள்வாளே, அது நேற்று திடீரென்று ஞாபகம் வந்தது. காய்கூட இல்லை, அந்த விரல்தான்.

சரி அம்மா, உனக்கு இவ்வளவுதான். மார்கழிக் குளிரில் நாலு மணிக்குக் கோலம் போட உட்காராதே. அண்ணி போடட்டும்.

(கடைசித் தாள்)

அண்ணா, சூளைக்கார மாமாவுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நிலம் வீட்டுக்கு ஈசானிய மூலையில் இருக்கிறது. சூளை மும்முரமாக எரியப்போவது தை, மாசியில். ராத்திரியில் தரை முதலில் குளிர்ந்துவிடும், அதற்கு மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக மூடி போட்டது போல நிற்கும். புகை மேலே ஏற முடியாமல் படுத்துக்கொள்ளும். வடகிழக்கிலிருந்து கொஞ்சம் அசைந்தாலே நேராக அம்மா படுக்கும் அறைதான். அவர்கள் போடும் நிலக்கரியிலும் கந்தகம் இருக்கிறது. இளைப்பு இருக்கிறவளுக்கு அது எமன்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து நம் வீட்டையும் அந்த நிலத்தையும் கணக்கில் போட்டே பார்த்துவிட்டேன். நான் சொன்னபடிதான் வந்தது. ஆனால் மலைக்குச் செய்த கணக்கில் சூளையைப் போடுவது யானைக்குத் தைத்த சட்டையை எலிக்கு மாட்டுகிற மாதிரி. அதை நம்பாதே. நீயே ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த நிலத்தில் ஒரு கூடை ஈர வைக்கோலைக் கொளுத்திப் பார். மாமாவையும் பக்கத்தில் நிற்க வை. அவரே பார்க்கட்டும்.

குத்தகைப் பணத்தை நம்பித்தான் நகைக் கடன் வட்டியைக் கட்ட இருந்தாய் என்று தெரியும். வட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். தை முதல் வாரம் அனுப்புகிறேன், நாலு நாள் முன்னே பின்னே ஆனால் கோபித்துக்கொள்ளாதே. என் வேலை ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. நீட்டிப்பார்கள், இங்கே அதுதான் வழக்கம். அம்மா காதில் போட வேண்டாம்.

நிலத்தில் மல்லாட்டை போடு. போர் தண்ணீர் போதவில்லை என்றால் கொள்ளு. பட்டா இன்னும் நைனா பெயரிலேயே கிடக்கிறது, பொங்கலுக்கு அத்தை வரும்போது கையெழுத்து வாங்கிவிடு. அவளிடம் நீ கேட்காதே, அண்ணியைக் கேட்கச் சொல். வைக்கோல் கொளுத்தும் அன்றைக்கு அம்மாவை வேலூரில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடு.

உன் தங்கை

பி.கு.: கேழ்வரகு மாவு அனுப்பட்டுமா என்று அண்ணி கேட்டிருந்தாள். தபால் செலவு அதிகம், வேண்டாம் என்று சொல். அனுப்பித்தான் தீருவேன் என்றால் இரண்டு கிலோ போதும்.