பம்பு சோதனை மேடை வரை என்னைக் கொண்டுசேர்த்தவர்களுக்கு

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். குமாரபாளையத்தில் தறி ஓட்டும் குடும்பத்திலிருந்து இயந்திரவியல் படிக்க வந்தவள் நான். மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில், கோயம்புத்தூர் கணபதியில் மோனோபிளாக் பம்பு (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக அமைந்தது) தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் முடித்து வந்திருக்கிறேன். அது எனக்குக் கிடைக்கப் பலர் காரணம். அவர்களில் சிலருக்குத் தாம் செய்தது உதவி என்பதே தெரிந்திருக்காது. ஆகவே பெயர்களைத் தவிர்த்து, அவரவர் தம்மை அடையாளம் கண்டுகொள்ளும்படி இதை எழுதுகிறேன்.

கவுன்சிலிங்குக்கு முன் கிராம நிர்வாக அலுவலர் எங்கள் வீட்டில் விசாரித்துச் சென்ற பிறகு, முதல் பட்டதாரிச் சான்றிதழ் கையில் கிடைத்தது. 2010-11ஆம் கல்வியாண்டிலிருந்து தமிழக அரசு வழங்கிவரும் கட்டணச் சலுகை அதனால் எனக்கும் கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாய் பேருந்துச் செலவுக்கு உதவுகிறது. இவை இல்லாவிட்டால் நான் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டேன். ஆனால் உள்ளே வந்த பிறகு யாரிடம் போய் எதைக் கேட்பது என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லித் தரவில்லை. உடன் படித்தவர்கள் சித்தப்பாவின் கம்பெனி, அப்பாவின் நண்பர் என்று ஆளுக்கோர் இடத்தை உறுதி செய்துகொண்டிருந்தபோது, என் அப்பாவுக்குத் தெரிந்த முதலாளிகள் எல்லோரும் தறிப்பட்டறை முதலாளிகளாகவே இருந்தார்கள்.

அந்தப் பதற்றத்தில் ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு 6,000 ரூபாய் கட்ட முடிவு செய்து, அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கும் வரை வந்துவிட்டேன். அன்று மாலை எங்கள் கல்லூரி மெஷின் ஷாப்பில் பணிபுரியும் அண்ணனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அங்க போனா எந்த மெஷின் முன்னாடி நிப்பேன்னு கேட்டியா பாப்பா?" என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, தினமும் வரத் தேவையில்லை, ப்ராஜெக்ட் அறிக்கையையும் தாங்களே தந்துவிடுவதாக அவர்கள் சொன்னார்கள். பணத்தைத் திரும்ப அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சான்றிதழ் மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டு இப்படிப் பணம் கட்டுபவர்களில் என்னைப் போன்றவர்கள்தாம் அதிகம் என்பது என் எண்ணம். ஏனென்றால் இன்டர்ன்ஷிப் என்றால் என்ன நடக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. அண்ணா, நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த நன்றி எங்கள் துறையில் எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவரான அக்காவுக்கு. கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவள் என்று எங்கிருந்தோ பார்த்து எழுதிய என் ரெஸ்யூமைப் படித்துவிட்டு, வீட்டில் தறி நின்றுபோனால் யார் பார்ப்பது என்று கேட்டீர்கள். ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடா சிக்கினாலும், அதை அடித்துத் தள்ளும் பிக்கிங் ஸ்டிக் உடைந்தாலும் அப்பா இல்லாத நேரத்தில் நானே மாற்றிவிடுவேன் என்றேன். "அப்புறம் அதை ஏன் எழுதலை?" என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தறி வேலையைக் கல்லூரியில் சொல்லக் கூடாத ஒன்றாகவே மூன்று ஆண்டுகளும் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. அதை முதல் வரியாக எழுதவைத்தீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், எதைக் கற்க விரும்புகிறேன் என்பதைக் கடிதத்தில் தெளிவாகச் சொல்லவும், மூன்று நாள் கழித்து அழைத்துப் பேசவும் பழக்கினீர்கள். 14 இடங்களுக்கு எழுதினேன். இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது. அவற்றுள் ஒன்றில், அந்தத் தறி வரியைப் படித்துவிட்டுத்தான் அழைத்ததாக உரிமையாளர் ஐயா சொன்னார். அவருக்கும் என் பணிவான நன்றி.

கணபதியில் இருக்கும் சித்தியும் சித்தப்பாவும் இரண்டே அறை கொண்ட வீட்டில் ஆறு வாரம் எனக்கு இடம் கொடுத்து, காலை ஏழரைக்குள் சாப்பாட்டு டப்பாவையும் தயாராக்கிக் கொடுத்தார்கள். அந்த அன்புக்கு நன்றி என்ற சொல் போதாது.

சோதனை மேடைப் பொறுப்பாளர் ஐயாவைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். முதல் வாரம் முழுவதும் என்னை வால்வின் அருகில் நிறுத்தி, அதைச் சிறிது சிறிதாக மூடும்போது அழுத்தமானியின் முள் ஏறுவதையும் நீர்வரத்து குறைவதையும் ஒவ்வொரு நிலையிலும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தின் ஆம்பியரையும் என் கையாலேயே எழுதவைத்தீர்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு தொகுதிப் பம்புகள் வரிசையாக ஆம்பியரை அதிகம் இழுத்தன. எனக்கு மோட்டாரின் கம்பிச் சுற்றான வைண்டிங் மீதுதான் சந்தேகம். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வெர்னியர் அளவுகோலை என் கையில் கொடுத்து, பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கழற்றி அளக்கச் சொன்னீர்கள். 120 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய விட்டம் 122.4 இருந்தது. விட்டம் 2 விழுக்காடு கூடினால் பம்பு கேட்கும் திறன் ஏறக்குறைய 6 விழுக்காடு கூடும் என்பதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த இம்பெல்லரைக் கையில் பிடித்திருந்த அன்றுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. இம்பெல்லரைக் கடையும் லேத்தின் அளவு அமைப்பைத் திருத்தியபின் வந்த பம்புகளை நானே சோதித்து, தாளில் கையெழுத்திட அனுமதித்தீர்கள். என் கையெழுத்தின் கீழே உங்கள் கையெழுத்தையும் போட்டீர்கள் ஐயா, அதை நான் மறக்க மாட்டேன்.

அப்பா, நான் கிளம்பிய நாளில் பகல் ஷிப்டை விட்டுவிட்டு என்னைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டி வந்தீர்கள். அந்த நாள் கூலி போனதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எங்கே போகிறேன், என்ன செய்யப் போகிறேன் என்று முழுதாகத் தெரியாத நிலையிலும் என்னை நம்பி அனுப்பினீர்கள். அம்மா, நீங்கள் தறிக்குத் தார் (நூல் கண்டு) சுற்றிச் சேர்த்த அந்தச் சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது.

என் பயிற்சி அறிக்கை பைண்டிங் செய்யப்பட்டு வந்துவிட்டது. அதில் இம்பெல்லர் அளவுகளும் சோதனைத் தாளின் நகலும் இருக்கின்றன. மெஷின் ஷாப் அண்ணனுக்கும் அக்காவுக்கும் உரிய படிகளை வரும் திங்கட்கிழமை கல்லூரியில் தருகிறேன். சித்தியின் வீட்டிலும் சோதனை மேடையிலும் தர வேண்டிய படிகளை அடுத்த ஞாயிறு கணபதிக்கு நேரில் கொண்டுவருகிறேன். பொறுப்பாளர் ஐயா, ஞாயிறு நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்றால் உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். நான்காம் அத்தியாயத்தில் பிழை இருந்தால் பென்சிலால் குறித்துவையுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி
குமாரபாளையம்