வீட்டுச் செடிகளுக்கான பூச்சி மருந்து கிட்டில் தவறான வழிகாட்டுத் தாள்: புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், கோயம்புத்தூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான பயன்பாட்டுக் குறிப்பு, முழுமையற்ற லேபிள் – பணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கிட்டில் 100 மி.லி. வேப்பெண்ணெய், 30 மி.லி. இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்.எல். (தண்ணீரில் கலக்கும் பூச்சிக்கொல்லித் திரவம்), மஞ்சள் ஒட்டும் அட்டைகள், ஒரு வழிகாட்டுத் தாள் ஆகியவை இருந்தன. செடிகளைக் கெடுத்தது அந்தத் தாள்தான்.

செஞ்சிலந்திப் பேனுக்கு இமிடாகுளோப்ரிட் அடிக்கச் சொல்கிறீர்கள். எட்டுக் கால் உள்ள அது பூச்சியினமே அல்ல. இந்த மருந்துக்கு அடங்காது. அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகள்தான் சாகும், பேன் இன்னும் பெருகும். இரண்டு முறை அடித்த பிறகும் குரோட்டன் இலைகளின் அடியில் நூலாம்படை கூடியது இதனால்தான். உதவி எண்ணில் கேட்டதற்கு, "அளவை இரட்டிப்பாக்குங்கள்" என்று பதில்! வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டினால் பேன் நகரும் புள்ளிகளாகத் தெரியும் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். இலையின் அடிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பிறகு நனையும் கந்தகத் தூளை (தண்ணீரில் கலந்து தெளிக்கும் வகை) லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிப்பதே வழி. ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகும். ஒரே கிட்டில் எண்ணெயும் தரும் நீங்கள் இதையாவது எச்சரித்திருக்க வேண்டாமா?

வேப்பெண்ணெய்க்கு "லிட்டருக்கு 20 மி.லி., நன்றாகக் குலுக்கவும்" என்று இருக்கிறது. சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரில் கலக்காது, மேலே மிதக்கும். ஸ்ப்ரேயர் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் சுத்த எண்ணெய். கடைசியாகத் தெளித்த ஆந்தூரியம் இலைகள் பழுப்பாகிப் போயின. 5 மி.லி. எண்ணெயை 2 மி.லி. திரவ சோப்புடன் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் குழைத்து, அதன் பிறகே லிட்டராக்க வேண்டும். ஒரு இலையில் சோதித்துவிட்டு, 7 நாளுக்கு ஒருமுறை என மூன்று முறை தெளிக்க வேண்டும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால்.

மாவுப்பூச்சியின் படத்துக்குக் கீழே "வெள்ளைப் பூஞ்சை" என்று அச்சாகியிருக்கிறது. சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தொட்டால் மெழுகு கரைந்து, உள்ளே பூச்சியின் உடல் தெரியும். பூஞ்சைக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது. ஒட்டும் அட்டையும் பறப்பவற்றை மட்டுமே பிடிக்கும்.

இமிடாகுளோப்ரிட் பாட்டிலில் தொகுதி எண், காலாவதித் தேதி, நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணக் குறி எதுவும் இல்லை. 1971 பூச்சிக்கொல்லி விதிகளின்படி இவை கட்டாயம்.

கிட்டின் முழுத் தொகையையும் திருப்பித் தரவும். இதே தாளுடன் கிட் வாங்கிய அனைவருக்கும் திருத்திய குறிப்பை அனுப்பவும். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

இணைப்பு: பில் நகல், தாளின் படம், பாட்டில் லேபிளின் படம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்