கிளிப்பர் தயாரிப்பவர்களுக்கு, பிளேடு சாணை பிடிப்பவர்கள் எழுதும் திறந்த மடல்

முடிவெட்டும் மிஷின்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றின் அட்டைப்பெட்டியில் எதை அச்சிடுவது என்று முடிவு செய்பவர்களுக்கும் வணக்கம்.

கிளிப்பர் சரியாக வெட்டவில்லை என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரைத்தான். பழுதுக்கு வரும் மிஷினைத் திறந்து பார்த்தால் பல நேரம் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோளாறு பிளேடில் இருக்கும், அல்லது பிளேடை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கில் இருக்கும். வாங்கியவருக்கு அது தெரியாததில் வியப்பில்லை. உங்கள் பெட்டியில் மோட்டார் வேகம் இருக்கிறது, பேட்டரி எத்தனை நிமிடம் ஓடும் என்பது இருக்கிறது, எத்தனை சீப்பு தருகிறீர்கள் என்பதும் இருக்கிறது. முடியை வெட்டும் அந்த இரண்டு எஃகுத் துண்டுகளைப் பற்றி உருப்படியாக ஒரு வரி இல்லை. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், எங்கள் கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்பது புரிய வேலையின் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறோம். கீழ் பிளேடு அசையாது. தோலின் மேல் படிந்து, சீப்புபோல முடியைப் பிரித்து நிறுத்துவது அதன் வேலை. மேல் பிளேடு பக்கவாட்டில் போய் வந்து, நிற்கும் முடியைக் கீழ்ப் பல்லின் விளிம்போடு சேர்த்து நறுக்குகிறது. ஆக, ஒரு பிளேடுக்குள் இருபது முப்பது சின்னக் கத்தரிக்கோல்கள் இருக்கின்றன. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). வெட்டும் இடத்தில் இரண்டு விளிம்புக்கும் நடுவே அதில் பாதி இடைவெளி இருந்தால்கூடப் போதும், முடி நறுங்காது. மடங்கி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த வீச்சில் மிஷின் அதைப் பிடித்து இழுக்கும். ‘முடியைப் பிடுங்குகிறது’ என்று சொல்கிறார்களே, பெரும்பாலும் அது இதுதான். விளிம்பு நன்றாகக் கூராக இருக்கும் பிளேடும் இப்படிப் பிடுங்கும்.

இந்த இடைவெளி வராமல் காப்பது விளிம்பின் கூர்மை மட்டும் அல்ல, உரசும் முகத்தில் இருக்கும் குழிவு. நல்ல பிளேடின் உரசும் முகம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் உண்மையில் தட்டை இல்லை. முன்புறம் பல் வரிசையை ஒட்டி ஒரு பட்டை, பின்புறம் ஒரு பட்டை, இவை இரண்டும்தான் எதிர் பிளேடைத் தொடும். நடுப்பகுதி முடியின் தடிமனைவிடக் குறைவான அளவுக்கு உள்ளே குழிந்திருக்கும். இதனால் ஸ்பிரிங்கின் அழுத்தம் முகம் முழுவதும் பரவிப் போகாமல் பல்லின் மேல் குவிகிறது. நடுவில் விழும் முடித்தூளுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கிறது. குழிவு இல்லாத இரண்டு தட்டையான பிளேடுகளுக்கு நடுவே சிறிது தூள் சிக்கினால் போதும், மேல் பிளேடு முழுவதும் தூக்கிக்கொள்ளும். முடிவெட்டும் கத்தரிக்கோலின் உட்பக்கம் குழிந்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

குழிவு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பிளேடைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை உரசும் முகத்தின் மேல், பல் நுனியிலிருந்து பின்பக்கம் போகும்படி நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு தெரிய வேண்டும். கொஞ்ச காலம் ஓடிய பிளேடு என்றால் ஸ்கேல்கூட வேண்டாம். தேய்ந்த இடம் பளபளப்பாக இருக்கும். பளபளப்பு முன் பட்டையிலும் பின் பட்டையிலும் மட்டும் இருந்தால் பிளேடு நலம். முகம் முழுவதும் கண்ணாடிபோல் மின்னினால் குழிவு போய்விட்டது. அதை எவ்வளவு இறுக்கினாலும் சூடுதான் ஏறும், வெட்டாது. ஒரு மூலையில் மட்டும் மின்னினால் ஸ்பிரிங் ஒரு பக்கமாக அழுத்துகிறது, அல்லது பிளேடு உட்காரும் இடம் வளைந்திருக்கிறது.

இதனால்தான் பெட்டியில் இருக்கும் ‘தானே கூர்மையாகிக்கொள்ளும் பிளேடு’ என்ற வாசகத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. ஒத்த கடினத்தன்மை உள்ள இரண்டு பிளேடுகள், நல்ல எண்ணெயோடும் சரியான அழுத்தத்தோடும் உரசினால் விளிம்பு சில காலம் நிலைத்து நிற்கும் என்பது சரி. ஆனால் அதே உரசல்தான் குழிவையும் தேய்க்கிறது. போன குழிவு தானாகத் திரும்பி வராது. லேசாக மேடிட்ட வட்டின் மேல், அரைபொடியும் எண்ணெயும் இட்டுத் தேய்த்தால்தான் மீண்டும் குழிவு விழும். தட்டையான சாணைக்கல்லில் தேய்ப்பவர்கள் பிளேடைக் கெடுப்பதும் இந்தக் குழிவு பற்றித் தெரியாததால்தான். விளிம்பு கூராகும், முகம் தட்டையாகிவிடும், மறுநாளே பிடுங்கத் தொடங்கும். எத்தனை முறை சாணை பிடிக்கலாம், முகம் எந்தத் தடிமனுக்குக் கீழே போனால் பிளேடைத் தூக்கிப் போட வேண்டும் என்று கையேட்டில் நீங்கள் எழுதினால் இந்தச் சேதம் பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்தது ஸ்பிரிங். கழற்றி மாட்டும் பிளேடில் இரண்டு வளைந்த எஃகுக் கைகள் மேல் பிளேடை அழுத்திப் பிடிக்கின்றன. அழுத்தம் குறைந்தால் முடி மடங்கி உள்ளே போகும். கூடினால் பிளேடு சூடாகும், மோட்டார் திணறும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். சரியான அழுத்தம் எத்தனை நியூட்டன் என்று நீங்கள் எங்குமே சொல்வதில்லை. அதனால் சாணை பிடிப்பவர் கட்டைவிரலை நம்ப வேண்டியிருக்கிறது: மிஷினை அணைத்துவிட்டு மேல் பிளேடைப் பக்கவாட்டில் தள்ளினால் கடகடக்காமல் ஒரே சீராக நகர வேண்டும், நகத்தால் நுனியைத் தூக்கி விட்டால் உடனே திரும்பிப் படிய வேண்டும். பழகிய கைக்கு இது போதும். புதிதாக வேலை கற்பவருக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண் உங்கள் வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

பல் நுனிகளின் தூரமும் அப்படித்தான். மேல் பிளேடின் நுனி, கீழ் பிளேடின் நுனிக்கு ஏறத்தாழ 0.8 மி.மீ. பின்னால் நிற்பது சாதாரணக் கிளிப்பருக்குப் பாதுகாப்பான அளவு. இன்று ‘ஜீரோ கேப்’ என்று இதைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது பரவிவிட்டது. கோடு போடும்போது சுத்தமாக எடுக்கும் என்பது உண்மை. ஆனால் கீழ்ப் பல்லின் நுனி மழுங்கி உருண்டிருப்பதே தோலைத் தள்ளிவைக்கத்தான். மேல் பிளேடு அதைத் தாண்டி ஒரு முடியளவு வெளியே வந்தாலும் தோல் நேராக வெட்டும் விளிம்பில் படும். கண்ணால் பார்த்து இரண்டு ஸ்குரூவை முறுக்குபவருக்கு அந்த முடியளவு தெரியாது. ஸ்குரூவை இறுக்கும்போதே பிளேடு லேசாகத் திரும்பிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இடது மூலை சரியாக இருக்கும், வலது மூலை வெளியே வந்திருக்கும். மனிதர்கள் இதைச் செய்யத்தான் போகிறார்கள். 0.2, 0.4, 0.8 மி.மீ. என்று மூன்று தகட்டு அளவிகளைப் பெட்டியில் போடுங்கள். பிளேடு பக்கவாட்டில் திரும்பாதபடி இருபுறமும் ஒரு தடுப்பு வையுங்கள். இதைச் சிக்கனம் பார்த்து விடக்கூடாது. கீறலில் வடிவது வாடிக்கையாளரின் ரத்தம். அதே பிளேடு அடுத்த தலைக்கும் போகிறது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. காந்தச் சுருள் மோட்டாரில் காந்தம் மின்சாரத்தின் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒருமுறை, மேல் பிளேடை ஆட்டும் கையை இழுக்கிறது, ஸ்பிரிங் அதைத் திருப்பி அனுப்புகிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று, என்றால் நிமிடத்துக்கு 6000 முறை போய் வரும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 7200. நொடிக்கு 100 முறை போய் வந்தால் வெட்டு 200. முடிவெட்டுபவரின் கை நொடிக்கு 20 செ.மீ. நகர்ந்தால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே மிஷின் 1 மி.மீ. முன்னே போயிருக்கும். வேகம் பாதியாகக் குறைந்தால் அது 2 மி.மீ. ஆகிறது, வெட்டுப்படாத முடி பல்லின் அடிவரை தள்ளப்பட்டு இழுபடுகிறது. இதில் நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. அச்சிடும் எண், போவதையும் வருவதையும் ஒன்றாக எண்ணியதா இரண்டாக எண்ணியதா என்று சொல்லுங்கள். பிளேடு இல்லாமல் காற்றில் ஓடும் வேகத்தைப் போடாமல், அடர்ந்த முடியில் ஓடும் வேகத்தைப் போடுங்கள். காந்த மோட்டார் மிஷினை எந்த ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்திருக்கிறீர்கள் என்பதும் பெரிய எழுத்தில் வேண்டும். 60-க்கு டியூன் செய்ததை 50-இல் ஓட்டினால் ஒன்று கடகடவென்று அடிக்கும், அல்லது வீச்சு குறைந்து மந்தமாகும். பக்கவாட்டில் உள்ள பவர் ஸ்குரூவை, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, அடிக்கும் சத்தம் வரும்வரை வலப்பக்கம் திருப்பி, சத்தம் நிற்கும் அளவுக்கு மட்டும் இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்பதுகூடப் பல கையேடுகளில் இல்லை.

நீள எண்கள் வெறும் குழப்பம். மாட்டும் சீப்பில் 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6 மி.மீ., எண் கூடக் கூட முடி நீளமாக நிற்கும். கழற்றி மாட்டும் பிளேடில் 10 என்றால் 1.5 மி.மீ., 30 என்றால் 0.5 மி.மீ., 40 என்றால் 0.25 மி.மீ.; எண் கூடக் கூட முடி குட்டையாகும். ஒரே மேசையில் இரண்டும் கிடக்கின்றன. பிளேடின் நெற்றியில் மில்லிமீட்டரைப் பொறித்துவிட்டால் முடிந்தது. நெம்புகோல் உள்ள கிளிப்பரில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கோடும் மி.மீ. எண்ணும் போடலாம், அங்கே நீளம் மாறுவது, வெட்டும் இடத்தில் கீழ் பிளேடின் தடிமன் மாறுவதால்தான், ஆகவே அந்த அளவு உங்களிடம் துல்லியமாகவே இருக்கிறது.

உலோகத்தைப் பற்றியும் நேராகப் பேசுங்கள். ‘டைட்டானியம் பிளேடு’ என்று எழுதியிருப்பதில் பெரும்பாலானவை எஃகு பிளேடுகள். மேலே சில மைக்ரான் தடிமனுக்குப் பொன்னிறப் பூச்சு. உரசும் முகத்தில் அந்தப் பூச்சு முதல் சாணையிலேயே போய்விடும். உள்ளே இருக்கும் எஃகு எது, ராக்வெல் சி அளவில் எவ்வளவு கடினம் என்பதுதான் எங்களுக்கு வேண்டும். பீங்கான் மேல் பிளேடு நல்ல யோசனைதான்: துருப்பிடிக்காது, உராய்வு குறைவு, சூடு மெதுவாக ஏறும். ஆனால் கீழே விழுந்தால் பல் உடையும், வைரப்பொடி இல்லாமல் சாணை ஏறாது, அதோடு உரசும் எஃகுக் கீழ் பிளேடு தேய்ந்துகொண்டேதான் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாததால், பீங்கான் பிளேடுக்கு எண்ணெயே வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள்.

எண்ணெய்க்குக் கையேட்டில் ‘தேவைப்படும்போது’ என்று எழுதுவதை விடுங்கள். அந்தத் தேவை பிளேடு சூடான பிறகுதான் தெரியவரும். அதற்குள் தேய்மானம் நடந்துவிட்டிருக்கும். பல் வரிசையில் 3 சொட்டு, பின்பக்கம் பிளேடு உரசி ஓடும் இருபுறத்திலும் ஒவ்வொரு சொட்டு, 10 நொடி ஓட்டித் துடைக்க வேண்டும். மெல்லிய கனிம எண்ணெய் மட்டுமே. தாவர எண்ணெய் நாளடைவில் பிசினாகி மேல் பிளேடைத் தூக்கிவிடும். கிருமிநாசினி ஸ்பிரே எண்ணெயைக் கழுவிவிடும் என்பதால் முதலில் பிரஷ், பிறகு ஸ்பிரே, அது சொல்லும் நேரம் காத்திருந்து துடைத்தல், கடைசியில்தான் எண்ணெய். குளோரின் கலந்த பிளீச் பிளேடின் பக்கமே வரக்கூடாது. இவை மொத்தம் நாலைந்து வரிதான். சொட்டு விட வேண்டிய இடத்தில் பிளேடிலேயே ஒரு சிறு புள்ளி பொறித்தால் கையேடு தொலைந்தாலும் கவலையில்லை.

கடைசியாக, உதிரிபாகம். சுழலும் மோட்டாரில் மையம் விலகிய தண்டு ஒரு பிளாஸ்டிக் துண்டின் பள்ளத்துக்குள் சுற்றி மேல் பிளேடை ஆட்டுகிறது. அந்தப் பள்ளம் 0.5 மி.மீ. தேய்ந்தால் பிளேடின் வீச்சிலும் ஏறத்தாழ 0.5 மி.மீ. போகும். பிறகு மேல் பல் கீழ்ப் பல்லை முழுதாகக் கடக்காது. புது பிளேடு போட்டாலும் வெட்டாது. அந்தத் துண்டு தனியாகக் கிடைக்காததால், நல்ல மோட்டாரும் நல்ல பிளேடும் குப்பைக்குப் போகின்றன. பிளேடைப் பிடிக்கும் ஸ்குரூ நேராகப் பிளாஸ்டிக்கில் ஏறும் மிஷின்களின் கதையும் இதுதான்: நாலைந்து முறை கழற்றி மாட்டியதும் மரை போய்விடும். பித்தளை மரை வைத்துக் கொடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் துண்டையும், ஸ்பிரிங்கையும், ஸ்குரூவையும் பாக எண்ணோடு தனித்தனியாக விற்பனைக்கு விடுங்கள். அடுத்த மாடலை வரைய உட்காரும்போது முதலில் செய்து தர வேண்டியதாக நாங்கள் கேட்பது இதைத்தான்.

இப்படிக்கு,
கிளிப்பர் பிளேடு சாணை பிடிப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும்