ஊதுகுழலை நவம்பரோடு மூடி வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பரோடு இணைசேரும் பருவம் முடிந்தால், மானின் குரலைப்போல் ஒலித்து அதை அருகே வரவழைக்கும் ஊதுகுழலால் பயனில்லை என்று சென்ற வாரக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். 16 ஆண்டுகளாகக் கனடாவின் ஒன்ராறியோவில் வேட்டைக்குப் போகிறவன் நான். அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடந்த டிசெம்பர் முதல் வாரம். பீற்றர்பரோவுக்கு வடக்கே, உரிமையாளரின் அனுமதியோடு ஒரு பண்ணை ஓரத்தில் குறுக்குவில்லுடன் இருந்தேன். மாலை 4 மணியளவில் இளம் கலை (ஆண்மான்) ஒன்று 70 மீற்றரில் கடந்து போனது. தொண்டையைச் செருமுவதைவிடத் தாழ்வாக ஒரே ஒருமுறை ஊதினேன். நின்றது. ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. குழலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன். சற்று நேரத்தில், வாடை பிடிப்பதற்காகச் சுற்றி வளைத்து 20 மீற்றருக்குள் வந்துவிட்டது. (இறைச்சி இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது.)

வெள்ளைவால் மான்கள் ஆண்டு முழுவதும் தமக்குள் குரல் கொடுத்துக்கொள்கின்றன. தாய் குட்டியைக் கூப்பிடும். ஒரு கலை இன்னொன்றுக்குத் தான் இருப்பதைத் தெரிவிக்கும். அந்தச் சின்ன முனகல் போதும். என் நண்பரோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாதஸ்வரம் வாசிப்பார். ஒக்டோபர் தொடக்கத்திலேயே கலைகள் சண்டையிடுவதுபோல் கொம்புகளை மோதிப் போர் நடத்துவார். வெறுங்கையோடு வந்து காட்டைத் திட்டுவார்.

எங்கள் வன்னிக்காட்டு மரையின் பெரியண்ணனான மூஸ் மானுக்குப் பருவம் இன்னும் முந்தியது: செப்டெம்பர் பிற்பகுதியில் தொடங்கி ஒக்டோபர் நடுவோடு அடங்கிவிடும். அதன்பின் பெண் மூஸின் நீண்ட ஓலத்தை எழுப்புவதில் பெரிதாகப் பலனில்லை. காய்ந்த தோள்பட்டை எலும்பால் புதரை நாலு தேய்ப்புத் தேய்த்தால் கொம்பு உரசும் ஓசை வரும். பிறகு ஒரு மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய விலங்கு சுள்ளி முறியாமல் வந்து நிற்கும். எனக்கு இதைப் பழக்கிய அனிஷினாபே பூர்வகுடி முதியவர், பேர்ச் மரப்பட்டையாலான ஊதுகூம்பை மாலை முழுவதும் மூன்று முறைதான் வாயில் வைத்தார்.

குட்டி அலறுவதுபோல் ஒலிக்கும் குழலைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். பருவத்துக்கு முன்பு அதைக் கேட்டுப் பிணைகள் (பெண்மான்கள்) ஓடி வரும், உண்மைதான். என் பெட்டியில் இருந்ததை நான் எறிந்துவிட்டேன். அப்படி ஓடி வந்த பிணை ஒன்று, என்னைக் கண்ட பின்பும் போகாமல், முன்காலால் நிலத்தை உதைத்தபடி நின்றது.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர்