குதிரையை அடிக்க வேண்டாம், மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் சுகந்தியும் நலம். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? கல்லணையில் திறந்த தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டதா?

பந்தயத்தில் நடுப்பிரிவில் ஓடும் நம் நடுக்குதிரை தலையை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டே ஓடுகிறது, சண்டித்தனம், நாலு சவுக்கு வைத்தால் சரியாகிவிடும் என்று போனில் நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு மனசே கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் லாயம் இங்கிலாந்தில் சாமர்செட்டில், மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே இருக்கிறது. விடியற்காலை சாணி அள்ளுவதில் ஆரம்பித்து வைக்கோல், தண்ணீர், குளம்பு சுத்தம் செய்வது என்று வேலை சரியாக இருக்கும். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், இப்போது ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். இந்த வெளிச்சம்தான் இங்கே ஒரு குதிரைக்கு எமன். ரூஃபஸ் என்று பெயர், காயடித்த ஆண்குதிரை, பரம சாது. குளிர் முழுக்க ஒழுங்காக ஓடும். ஏப்ரலில் வெயில் தெளிந்து மரமெல்லாம் பூக்க ஆரம்பித்ததும் மூக்கில் குளவி கொட்டியதுபோல் திடீரென்று தலையை மேலும் கீழும் வெட்டும், தும்மும், ஓடிக்கொண்டே மூக்கை முன்னங்காலில் தேய்க்கப் பார்க்கும். இலையுதிர் காலம் வந்ததும் அடங்கிவிடும். இந்தத் தலையாட்டு நோய் வந்த குதிரைகளில் பாதிக்கு மேல் இப்படிப் பருவம் பார்த்துத்தான் படுத்துமாம்.

இது வலி, மாமா. முகத்துக்கு உணர்வு தரும் பெரிய நரம்பு ஒன்று இருக்கிறது, அது ஏனென்று தெரியாமல் அளவுக்கு மீறிக் கூருணர்வு கொண்டுவிடுகிறது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நல்ல குதிரையின் நரம்பைத் தூண்ட 10 மில்லி ஆம்பியராவது மின்சாரம் தேவைப்பட்டது, தலையாட்டும் குதிரைக்கு 5 அல்லது அதற்கும் குறைவே போதுமாக இருந்தது. நரம்பை அறுத்துப் பார்த்தாலும் காயமோ புண்ணோ தெரிவதில்லை. வெயில், காற்று, பூந்தூள், ஓட்டம், எது பட்டாலும் அதற்குச் சுரீர் என்று இழுக்கும். அந்த நேரத்தில் சவுக்கும் விழுந்தால் அது என்ன செய்யும், சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் குதிரைக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை. தலையாட்ட வேறு காரணங்கள் நிறைய உண்டு. காதுக்குள் உண்ணி இருக்கலாம், கடைவாய்ப்பல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கலாம், கடிவாள இரும்பு உறுத்தலாம், கண்ணில் கோளாறு இருக்கலாம், நம் ஊரில் ஈத்தொல்லையும் உண்டு. முதலில் இதையெல்லாம் பாருங்கள். இங்கே மருத்துவர் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் அந்த நரம்புக்குப் பக்கத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டார். ரூஃபஸ் தலையாட்டுவது நின்றது, அப்புறம்தான் நோயை உறுதி செய்தார்.

அடியோடு தீர்க்கும் மருந்து கிடையாது, சமாளிக்கத்தான் முடியும். மூக்கு வலை என்று ஒன்று, மூக்கின்மேல் தொங்குகிற மாதிரி தலைக்கயிற்றில் கட்டுவது. மலிவு, பக்க விளைவு இல்லை, எல்லாக் குதிரைக்கும் கேட்காவிட்டாலும் பலவற்றுக்குக் கொஞ்சமாவது குறைகிறது, முதலில் இதைத்தான் முயல வேண்டும் என்பேன். மெல்லிய நைலான் வலையில் நீங்களே தைக்கலாம், மூச்சை மட்டும் அடைக்கக் கூடாது. ரூஃபஸுக்கு வலையோடு கண்ணுக்கு வெயில் மறைக்கும் முகமூடியும் போட்டு, மேகம் மூடிய நாளிலோ இருட்டும் நேரத்திலோதான் வெளியே எடுக்கிறோம், மற்ற நேரம் கூரை போட்ட கொட்டகைக்குள் நடை. வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை சில குதிரைக்குக் கேட்கும், ஆனால் தூங்கி வழியும், பந்தயத்தில் அனுமதியும் கிடையாது. இங்கே பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில், நின்றபடியே அரைத்தூக்கத்துக்கு மருந்து கொடுத்து, கன்னத்துத் தோலுக்கடியில் ஊசி செருகி, நரம்புக்கு மின் தூண்டுதல் தருகிறார்கள். ஏறத்தாழ பாதிக் குதிரைகள் பழையபடி வேலைக்குத் திரும்புகின்றன, ஆனால் சிலவற்றுக்கு மறுபடி மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. முன்பு நரம்பையே வெட்டிப் பார்த்திருக்கிறார்கள், அதில் வேதனைதான் மிச்சம். யாராவது அப்படிச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள், வண்டி வாடகையை நான் அனுப்புகிறேன். அதற்கு முன்னால் தம்பியை விட்டுப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள், நிழலில் நிற்கும்போது ஒன்று, உச்சி வெயிலில் கொஞ்சம் நடத்தும்போது ஒன்று. எந்த மாதம் தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகம் என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். திருக்கடையூர் எல்கைப் பந்தயம் காணும் பொங்கலுக்குத்தானே, நிறைய நாள் இருக்கிறது. அதுவரை விடியலில் மட்டும் ஓட்டுங்கள், சவுக்கை எடுத்துப் பரண்மேல் போடுங்கள்.

அத்தையிடம் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் அக்கா மகன்,
செந்தில்