பெட் ஷாப் அண்ணன்மாருக்கு: குட்டி மூஞ்சி வீங்குனா ட்யூப்ப எடுத்து நீட்டாதீங்க

பெட் ஷாப் வச்சிருக்க அண்ணன்மாருக்கும், வீட்ல குட்டி போட வச்சு விக்கிற எல்லாருக்கும்,

வணக்கம். தஞ்சாவூர் பக்கத்துல இருந்து எழுதுறேன். எந்த கடை, யார்கிட்ட வாங்குன குட்டின்னு பேர் சொல்ல போறதில்ல, ஏன்னா நான் சொல்ல வர்ற தப்பு ஒரு கடையில மட்டும் நடக்குறது இல்ல, அதுல எனக்கும் பங்கு இருக்கு.

என் லேப்ரடார் நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தப்போ அவனுக்கு 38 நாள். ஏழாவது வாரம் ஒரு நாள் காலையில பாத்தா குளவி கொட்டுன மாதிரி மேல் உதடு வீங்கி இருந்துச்சு, சாயங்காலத்துக்குள்ள கண் இமை ரெண்டும் உப்பிருச்சு, மறுநாள் தாடைக்கு கீழ ரெண்டு பக்கமும் நெறி கட்டி எலுமிச்சம்பழ சைஸ்ல நிக்குது. அப்புறம் உதட்டுலயும் மூக்கு மேலயும் சீழ் கொப்புளம், காதுக்குள்ள ஈரம், தொட்டாலே கத்துறான், சாப்பாட்டுக்கிட்டயே போகல. கடையில போய் போட்டோ காட்டுனேன். "சூடு தம்பி, இந்த க்ரீம போடுங்க, ரெண்டு நாள்ல வத்திரும்"னு ஒரு ட்யூப் குடுத்தாங்க. அம்மா ஒரு பக்கம் மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு போட்டாங்க. ஒரு கொப்புளத்த நானே அமுக்கி சீழ் எடுத்தேன், இன்னைக்கும் அந்த இடத்துல முடி முளைக்கல. இப்படியே ஒம்போது நாள் போச்சு.

பத்தாவது நாள் ஒரத்தநாடு கால்நடை மருத்துவ காலேஜ் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனேன். அங்க இருந்த டாக்டர் மேடம் மூஞ்சிய பாத்த உடனே எதுவும் எழுதல. முதல்ல ஒரு பிளேடு எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் வச்சு, லேசா ரத்தம் கசியுற வரைக்கும் தோல சுரண்டி ஸ்லைடுல வச்சு மைக்ரோஸ்கோப்ல பாத்தாங்க. அப்புறம் உடையாத ஒரு கொப்புளத்த ஊசியால குத்தி அந்த சீழ இன்னொரு ஸ்லைடுல ஒத்தி, கலர் போட்டு பாத்தாங்க. கொஞ்ச நேரத்துல வந்து "பூச்சி இல்ல, கிருமியும் இல்ல"ன்னாங்க. எனக்கு ஒன்னும் புரியல, இவ்வளவு சீழ் வடியுது, கிருமி எப்படி இல்லாம போகும்னு கேட்டேன்.

அவங்க சொன்னதுதான் நீங்க எல்லாரும் கேக்க வேண்டியது. இதுக்கு பப்பி ஸ்ட்ராங்கிள்ஸ்னு பேரு. மூணு வாரத்துல இருந்து நாலு மாசத்துக்குள்ள இருக்க குட்டிங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், டாஷ்ஹண்ட் மாதிரி ஜாதியில கொஞ்சம் அதிகம். குதிரைக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ்னு ஒரு நோய் இருக்கு, அது பாக்டீரியாவால வர்றது, ஒட்டிக்கும். குட்டிக்கு வர்றது அப்படி இல்ல, கழுத்துல நெறி கட்டுறது பாக்க ஒரே மாதிரி இருக்குறதால பேர் மட்டும் ஒட்டிருச்சு. ஏன் வருதுன்னு இன்னும் முழுசா கண்டுபிடிக்கல, ஆனா உடம்போட எதிர்ப்பு சக்தியே தலைகீழா திரும்பி சொந்த தோலையும் நெறியையும் தாக்குதுங்கிற அளவுக்கு தெரியும். அதனால ஆன்டிபயாடிக் மட்டும் கிலோ கணக்கா குடுத்தாலும் அடங்காது. உடம்போட அந்த வேகத்த அடக்க ஸ்டீராய்ட் வேணும், பிரெட்னிசோலோன், குட்டியோட எடைக்கு தக்க டாக்டர் கணக்கு போட்டு, பல வாரம் குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்தணும். பாதியில விட்டா திரும்ப வரும், லேட் பண்ணா மூஞ்சியில தழும்பு நின்னுரும். என் குட்டிக்கு மாத்திரை ஆரம்பிச்ச நாலாவது நாள் கண்ண முழுசா தொறந்து வாலாட்டுனான், நான் அழுதுட்டேன்.

இதுக்கு அப்புறம் நடந்ததுக்குத்தான் இந்த மடலே. குணமான சந்தோஷத்துல அதே கடைக்கு போய் "அண்ணே, க்ரீம் இல்ல, ஸ்டீராய்டுலதான் சரியாச்சு"ன்னு மாத்திரை அட்டையோட போய் சொல்லிட்டு வந்தேன். பிளேடு, ஸ்லைடு, மைக்ரோஸ்கோப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் என் தப்பு. அடுத்து எங்க தெரு அக்கா ஒருத்தவங்க மூணு மாச நாட்டு குட்டிய அங்க தூக்கிட்டு போயிருக்காங்க. கண்ண சுத்தி ஒரு ரூபா காசு அளவுக்கு முடி கொட்டி இருந்துச்சு, வாய் ஓரத்துல இன்னொன்னு, அரிப்பு கூட இல்ல, நெறியும் கட்டல. கடையில "இதுக்கும் மூஞ்சியிலதான் பிரச்சனை"ன்னு அதே மாத்திரைய எடுத்து குடுத்துட்டாங்க. ரெண்டு வாரத்துல அந்த ரெண்டு பொட்டும் சேர்ந்து மூஞ்சி முழுக்க மொட்டையாகி, முன்னங்காலுக்கு இறங்கி, தோல் தடிச்சு, சீழ் வச்சு, கிட்ட போக முடியாத அளவுக்கு நாத்தம்.

அந்த குட்டிக்கு இருந்தது டெமோடெக்ஸ். முடி வேர்க்கால்ல வாழுற பூச்சி, கண்ணுக்கு தெரியாது, மைக்ரோஸ்கோப்ல சுருட்டு மாதிரி நீளமா எட்டு குட்டை காலோட தெரியும். பொறந்த மொத ரெண்டு மூணு நாள்ல பால் குடிக்கும்போது தாய் தோல்ல இருந்து குட்டிக்கு ஏறிரும், நல்லா இருக்க நாய்ங்க உடம்புலயும் கம்முனு இருக்கும், எதிர்ப்பு சக்தி அத கட்டி வச்சிருக்கும். குட்டிக்கு ஒன்னு ரெண்டு இடத்துல முடி கொட்டுனா பெரும்பாலும் வளர வளர தானாவே சரியாயிரும். அந்த நேரத்துல ஸ்டீராய்ட குடுத்தா கட்டி வச்சிருக்க கயித்த நாமளே அவுத்து விட்ட மாதிரி. என் குட்டிய காப்பாத்துன அதே மாத்திரைதான் அந்த குட்டிய அழிக்க பாத்துச்சு. ரெண்டுத்துக்கும் மூஞ்சியிலதான் பிரச்சனை, ரெண்டுத்துக்கும் மருந்து நேர் எதிர், எதுன்னு பிரிச்சு காட்டுறது அந்த ஒரு பிளேடும் ஸ்லைடும்தான்.

படர்தாமரை இன்னொன்னு. குட்டி மூஞ்சியில வட்டமா முடி கொட்டி பொரிஞ்சு இருந்தா, வீட்டு புள்ளைங்க கையிலயோ கழுத்துலயோ வட்டம் வட்டமா சிவந்திருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க, அது குட்டிக்கிட்ட இருந்து புள்ளைக்கு ஒட்டும். நீங்க குடுக்குற அந்த எல்லாம் கலந்த க்ரீம்ல இருக்க ஸ்டீராய்ட் சிவப்ப மட்டும் மறைச்சிட்டு உள்ள பங்கஸ பரவ விட்ரும். ஸ்டீராய்ட் மாத்திரைய டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது, க்ரீமுக்கும் 2018ல அந்த கட்டுப்பாடு வந்தாச்சு. சொறின்னு சொல்லி ஊசி போட ஆள் அனுப்புறீங்க இல்ல, அந்த ஐவர்மெக்டின் கோலி ஜாதி நாய்ங்கள்ல பலதுக்கு மூளைக்கு ஏறி உயிரையே எடுத்துரும், அளவு தப்பினா எந்த சின்ன குட்டிக்கும் ஆபத்து. வண்டி வேஸ்ட் ஆயில தடவ சொல்றவங்க இன்னமும் இருக்காங்க. தயவு செஞ்சு வேணாம்ணே, குட்டி அத நக்கும், கண்ணுல படும், அது வெறும் விஷம்.

உங்க மேல கோவத்துல எழுதல. எங்க ஊர்ல குட்டிக்கு முடியலன்னா சனங்க முதல்ல வர்றது உங்க கடைக்குத்தான், டாக்டர்கிட்ட அப்புறம்தான். அதனாலதான் உங்கள கேக்குறேன். குட்டி மூஞ்சிய யாராவது காட்டுனா ட்யூப்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி எத்தன வாரம்னு கேளுங்க, கழுத்துல நெறி இருக்கான்னு தொட்டு பாருங்க, கண் வீங்கி சாப்பிடாம இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்புங்க, "தோல சுரண்டி பாக்க சொல்லுங்க"ன்னு அந்த வார்த்தையவே சொல்லி அனுப்புங்க. வெறும் கண்ணால பாத்து எழுதுற டாக்டரும் இருக்காங்க, ஜனங்க கேட்டா செய்வாங்க. கொப்புளத்த அமுக்காதீங்கன்னும் சொல்லுங்க. தடுப்பூசி போட வேண்டிய வயசுன்னா, ஸ்டீராய்ட் ஓடிட்டு இருக்குன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்ல சொல்லுங்க, தேதிய அவங்க மாத்தி வைப்பாங்க.

குட்டி போட வச்சு விக்கிறவங்களே, எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாதுன்னு 2017லயே மத்திய அரசு விதி போட்டிருக்கு. 38 நாள்ல எனக்கு குடுக்காம இருந்திருந்தா அந்த வீக்கம் உங்க கண்ணு முன்னாடியே வந்திருக்கும், தாயோட சூட்டுல இருந்திருப்பான். வாங்குனவங்க நம்பர எழுதி வைங்க. ஸ்ட்ராங்கிள்ஸ் ஒட்டாது, ஆனா ஒரே ஈத்துல ரெண்டு மூணு குட்டிக்கு வர்றது உண்டு, ஒருத்தர் போன் பண்ணா மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. உடம்பெல்லாம் டெமோடெக்ஸ் பரவுன குட்டிய வச்சு பின்னாடி இனப்பெருக்கம் பண்ணாதீங்க, அந்த பலவீனம் வம்சத்துல இறங்கும். தாய வாங்குறவங்ககிட்ட காட்டுங்க, ஒளிச்சு வைக்காதீங்க.

அக்கா வீட்டு குட்டிக்கு இப்ப மாத்திரை போகுது, அந்த டெமோடெக்ஸ் பூச்சிய கொல்ற மாத்திரை, ஸ்டீராய்ட நிறுத்தியாச்சு. கண்ண சுத்தி பொடி முடி வந்திருக்கு. ஆனா முடி வந்தா போதாது, ஒரு மாச இடைவெளியில ரெண்டு தடவ சுரண்டி பாத்து பூச்சியே இல்லன்னு வந்தாத்தான் மருந்த நிறுத்த முடியும். போன மாசம் முதல் தடவ சுத்தமா வந்துச்சு. வர்ற செவ்வாய்க்கிழமை ரெண்டாவது. எங்க ஊர் கடை அண்ணே, இத படிச்சீங்கன்னா அன்னைக்கு காலையில எங்க கூட வாங்க, நானே வண்டியில கூட்டிட்டு போறேன். மேடம்கிட்ட சொல்லி அந்த மைக்ரோஸ்கோப்ல நீங்களே ஒரு தடவ கண்ண வச்சு பாருங்க.

இப்படிக்கு,
உங்க கடையில தீனி வாங்குற ஒரு தம்பி