எல்லைக்கல் நடுவது யார்? சி ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் சி மொழியும் மைக்ரோகன்ட்ரோலரும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் ஒரு சிறிய நிறுவனத்தில் நீரோட்ட மீட்டர்களுக்கும் பம்ப் கன்ட்ரோலர்களுக்கும் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல்) எழுதிப் பிழைப்பவன் நான். உங்கள் மாணவர்களை நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கும் வேலையும் என் தலையில்தான் விழுகிறது. இத்தனை பிட் இதற்கு என்று பெயர் வைத்துப் பிரித்துக்கொள்வது பிட்ஃபீல்டு; எந்த பிட் என்பதை ஓர் எண்ணாலேயே காட்டிக் கையாள்வது பிட் மாஸ்க். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எல்லாரும் ஒரே விடையை ஒப்பிக்கிறார்கள்: "பிட்ஃபீல்டு மெமரியை மிச்சப்படுத்தும், சார்." மாஸ்கும் அதே எட்டுக் கொடிகளை (உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் பிட்டுகளை) அதே ஒரு பைட்டில்தானே அடைக்கிறது என்று திருப்பிக் கேட்டால் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறார்கள். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அந்த ஒரு வரி போதும் என்று யாரோ திருத்தி வைத்திருக்கிறார்கள்.

பட்டா உட்பிரிவுக்கு அலைந்தவர்களுக்கு விஷயம் உடனே விளங்கும். பிட்ஃபீல்டு எழுதும்போது இவனுக்கு மூன்று பிட், அவனுக்கு ஐந்து பிட் என்று பாகத்தை மட்டுமே சொல்கிறோம். சர்வேயர் சங்கிலியை வடக்கு வரப்பிலிருந்து பிடிக்கிறாரா தெற்கு வரப்பிலிருந்தா என்பதைச் சொல்வதில்லை. அதை, நிரலைச் சிப்புக்கான ஆணைகளாக மாற்றும் கம்பைலரே முடிவு செய்துகொள்ளலாம் என்று சி தரநிலை எழுதிக் கொடுத்திருக்கிறது. மாஸ்க் எழுதும்போது கல்லை நாமே நடுகிறோம். கீழிருந்து மூன்றாவது பிட் என்றால் எந்தக் கம்பைலரிலும் அதே பிட்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெறும் இன்ட் என்று அறிவித்த ஃபீல்டுக்குக் கூட்டல் கழித்தல் குறி உண்டா என்பதும் கம்பைலர் விருப்பம். பரவலாகப் புழங்கும் ஜிசிசி கம்பைலர் வழக்கமாக உண்டு என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு பிட் அகலத்தில் குறியும் இருந்தால் அதில் அடங்குபவை 0, -1 இரண்டே. மோட்டார் ஓடுகிறது என்று 1 போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே அது 1-க்குச் சமமா என்று சோதித்தால் இல்லை என்று வரும். ஐந்தாறு வரி நிரல், ஆய்வகத்தில் பத்து நிமிட வேலை. என்னிடம் வந்த மாணவர்களில் இதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

இனி என் சொந்த அவமானம். சில ஆண்டுகளுக்கு முன், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் வந்து சேரும் ஒரு நிலையத்துக்கு மீட்டர் செய்து கொடுத்தோம். ஊர் பெயர் வேண்டாம். தொட்டியில் நிரம்பிய அளவுக்கும் மீட்டர் காட்டிய அளவுக்கும் ஒத்துவரவில்லை. ஓட்டம் குறைவான விடியற்காலையில் கணக்குச் சரியாக இருக்கும். ஆலைகள் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் இடறும், அதுவும் எப்போதும் குறைவாகவே காட்டும். சென்சாரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், எலெக்ட்ரீஷியனிடம் எர்த்திங் சரியில்லை என்று சண்டைகூடப் போட்டோம். பாவம் அவர்.

கடைசியில் குற்றவாளி ஒரே ஒரு வரி. மீட்டருக்குள் இருந்த சிப்பின் நிலை ரெஜிஸ்டரில் (சிப்பில் நடப்பதைக் கொடிகளாகக் காட்டும் இடத்தில்) டைமர் நிரம்பினால் ஒரு கொடி ஏறும், ஓட்டத்தை எண்ணுவதற்கான பல்ஸ் வந்தால் இன்னொரு கொடி ஏறும். ஏறிய கொடியை இறக்க அந்த பிட்டில் 1 எழுத வேண்டும். 0 எழுதினால் ஒன்றும் ஆகாது. அந்த ரெஜிஸ்டரின்மேல் ஒரு பிட்ஃபீல்டு ஸ்ட்ரக்சரைப் போர்த்தி, டைமர் கொடிக்கு 1 என்று எழுதியிருந்தேன். பார்க்க எவ்வளவு சாது! ஆனால் ஒற்றை பிட்டை மட்டும் எழுத அந்தச் சிப்புக்கு வழியில்லை. கம்பைலர் ரெஜிஸ்டர் முழுவதையும் படித்து, டைமர் பிட்டை 1 ஆக்கி, முழுவதையும் திரும்ப எழுதியது. படித்த கணத்தில் பல்ஸ் கொடியும் ஏறியிருந்தால் 00000101 என்று வந்தது 00000101 என்றே திரும்பப் போகும், இரண்டு கொடிகளும் இறங்கிவிடும். எண்ணுவதற்கு முன்பே பல்ஸ் வந்த தடயம் போய்விட்டது. ஓட்டம் கூடக் கூட இரண்டும் மோதிக்கொள்வதும் கூடியது.

மாஸ்க் எழுதுபவன் உத்தமன் என்று நான் சொல்லவரவில்லை. '|=' போட்டிருந்தால் மாஸ்கிலும் இதே விபத்துதான். ஆனால் படித்துவிட்டு எழுதுகிறேன் என்று அந்தக் குறியே சொல்லிவிடுகிறது. அந்தச் செங்குத்துக் கோட்டை நீக்கி வெறும் '=' ஆக்கினால், மாஸ்க் மட்டும் ரெஜிஸ்டருக்குப் போகும், மற்றக் கொடிகள் பிழைத்துக்கொள்ளும். பிட்ஃபீல்டில் அதே '=' பொய் சொல்கிறது.

இந்தப் பழக்கத்தில் ஆய்வகத்தின் 8051 மைக்ரோகன்ட்ரோலர் கிட்டுக்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம். ஒற்றை பிட்டை ஏற்றவும் இறக்கவும் அந்தச் சிப்பில் தனி ஆணைகளே இருக்கின்றன. அதில் கை பழகியவர்களுக்கு எல்லாச் சிப்பும் அப்படித்தான் என்று தோன்றிவிடுகிறது.

பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். 2012-இல் லினக்ஸ் கெர்னலில் ஒரு வழு வெளிப்பட்டது. இன்டெலின் இட்டானியம் செயலி உள்ள கணினிகளில், ஒரு பிட் அகலமுள்ள ஃபீல்டை மாற்ற ஜிசிசி 64 பிட்டுகளைச் சேர்த்துப் படித்துச் சேர்த்தே எழுதியது. ஒரே தரவை இருவர் ஒரே சமயத்தில் தொடாமல் காக்கும் பூட்டு ஒன்று பக்கத்தில் இருந்தது; அதன் பழைய மதிப்பும் கூடவே திரும்ப எழுதப்பட்டது.

பிட்ஃபீல்டை ஒழித்துக்கட்டுங்கள் என்று கேட்கவில்லை. நிரலுக்குள் பிறந்து நிரலுக்குள்ளேயே மடியும் கொடிகளுக்கு நானும் அதைத்தான் எழுதுகிறேன், படிக்கச் சுகமாக இருக்கிறது. மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் சிப்களுக்கான ஹெடர் கோப்புகளே ரெஜிஸ்டர்களைப் பிட்ஃபீல்டாகத் தருகின்றன. அங்கே சிப்பும் கம்பைலரும் ஒரே கடைச் சரக்கு. என் அச்சம் எல்லை தாண்டும் தரவைப் பற்றியது: ரெஜிஸ்டருக்குப் போவது, கம்பியில் போவது, கோப்பில் போவது. இணையத்தில் தரவைச் சுமக்கும் ஐபி (பதிப்பு 4) பாக்கெட்டின் முதல் பைட்டில் பதிப்புக்கு நான்கு பிட், தலைப்பின் நீளத்துக்கு நான்கு பிட். அதைப் பிட்ஃபீல்டாகச் சொல்ல லினக்ஸ் அந்த இரண்டையும் இரண்டு வரிசைகளில் எழுதி, கணினிக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. இரட்டை வேலை! மாஸ்கும் ஷிஃப்டும் (பிட்டுகளை இடம் நகர்த்துவது) என்றால் ஒரு முறை எழுதினால் தீர்ந்தது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். 'வேறுபாடு தருக' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ஒரு ரெஜிஸ்டரின் டேட்டாஷீட் பக்கத்தைக் கொடுத்து, இந்தக் கொடியை மட்டும் இறக்கு என்று கேளுங்கள். எழுதிய வரிக்குக் கம்பைலர் என்ன அசெம்பிளி (சிப்புக்கான ஆணைகள்) தந்தது என்பதையும் ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பல்ஸைத் தின்ற அந்தப் பழைய போர்டு இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. எந்தக் கல்லூரி அழைத்தாலும் சிக்னல்களைப் பதிந்து காட்டும் லாஜிக் அனலைசரோடு எடுத்து வருகிறேன். சனிக்கிழமை என்றால் வசதி, இரண்டாம் சனி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு ஃபர்ம்வேர் ஊழியன்